விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸ் கத்தியும் ஒரு தண்ணீர்க் கல்லும்

மதுரையில் வீட்டிலிருந்தே மாதச் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். மதியம் ஒரு வேளைதான். சாம்பார், ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு, மோர். நாற்பது டப்பா போகிறது. காலை வேலையில் பாதி, காய் நறுக்குவதுதான். அதனாலோ என்னவோ, டப்பா வாங்க வருகிறவர்களில் தொடங்கி தனிக்குடித்தனம் போகும் சொந்தக்காரப் பெண்கள் வரைக்கும் "நல்ல கத்தியா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றேதான். விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸ், 20 சென்டிமீட்டர் அலகு. கூடவே 1000 கிரிட் தண்ணீர்க் கல் ஒன்று, அதாவது தண்ணீரில் நனைத்துக் கத்தி தீட்டுகிற கல். கிரிட் என்பது கல்லின் சொரசொரப்புக் கணக்கு, எண் கூடினால் கல் நயம். கல் வாங்க மனசில்லை என்றால் அந்தக் கத்தியையும் வாங்க வேண்டாம், கடைத்தெருவில் கிடைப்பதே போதும்.

கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் 1884-ல் கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். சிவப்பு நிற மடக்குக் கத்தியால் உலகமெல்லாம் பெயர் வாங்கிய அதே கம்பெனி. ஃபைப்ராக்ஸ் வரிசை அவர்கள் சமையல்காரர்களுக்கும் கறிக்கடைக்காரர்களுக்கும் செய்வது. கறுப்புப் பிடி, அலங்காரம் ஏதும் கிடையாது. ஓட்டல் அடுப்படியில் தொங்குகிற கத்தி மாதிரிதான் இருக்கும், அழகுக்கு வாங்குகிறவர்களுக்கு இது பிடிக்காது.

அலகு, தகட்டிலிருந்து வெட்டி எடுத்துச் சாணை பிடித்தது. சூட்டில் அடித்து உருவாக்கியதுதான் உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. காய் நறுக்கும் கத்திக்கு அது பெரிய விஷயமே இல்லை. பார்க்க வேண்டியது, வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்பதைத்தான். கத்தியைக் கையில் எடுத்ததும் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே, இரண்டு பக்கமும் விரலால் மெதுவாகப் பிடித்துத் தடவிப் பாருங்கள். தடிப்பாக இருந்தால், எவ்வளவு கூர் வைத்தாலும் கேரட்டை அது வெட்டாது, பிளக்கும். பாதி இறங்கியதும் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்கும், துண்டு ஒன்று பறந்து போய் விழும். ஃபைப்ராக்ஸில் அந்தப் பிளவு கிடையாது. கேரட்டுக்குள் ஒரே சீராக இறங்கும்.

எஃகில் கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம், கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். கடினம் ராக்வெல் கணக்கில் 55, 56 அளவில் இருக்கும். ஜெர்மனியில் ஸோலிங்கன் கத்திகள் 58 பக்கம். ஜப்பான் கத்திகள் 60-ஐத் தாண்டும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, சுவிஸ் கத்தி மட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் பலம். மிருதுவான எஃகு என்றால் கூர் சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் கல்லில் சீக்கிரம் திரும்பவும் ஏறும். எதிலாவது பட்டால் விளிம்பு மடங்கும், சில்லு உடையாது. மடங்கியதை நிமிர்த்திவிடலாம். உடைந்ததைத் தேய்த்துத் தேய்த்துத்தான் சரி செய்ய வேண்டும்.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரப்பர் மாதிரி ஒட்டும் பிளாஸ்டிக். கையில் கோழிக் கொழுப்பு, மீன் வழுவழுப்பு, வெண்டைக்காய்க் கொழகொழப்பு எது இருந்தாலும் நழுவாது. எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் வெண்டைக்காய்ப் பொரியல். நாற்பது பேருக்கு வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்குத்தான் அந்தப் பிடியின் அருமை தெரியும். மரப்பிடிக் கத்திகளில் அலகும் பிடியும் சேரும் இடுக்கில் அழுக்கு போய் உட்காரும், ஆணி பக்கம் கறுப்பாகும். இதில் இடுக்கே கிடையாது.

இன்னொரு விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். விலை கூடிய ஜெர்மன் கத்திகள் பலவற்றில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடித்த இரும்புக் கட்டி ஒன்று அலகின் அடிவரைக்கும் இறங்கியிருக்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் கல்லில் தேய்க்கும்போது அந்தக் கட்டி இடிக்கும், பிடியை ஒட்டிய பகுதி கல்லில் படவே படாது. சில வருஷத்தில் மற்ற இடமெல்லாம் தேய்ந்து, அடிப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பலகையில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். கொத்தமல்லித் தழையை நறுக்கினால் நறுக்காமல் கோத்துக்கொண்டு வரும். ஃபைப்ராக்ஸில் அந்தக் கட்டி இல்லை, நுனியிலிருந்து அடிவரைக்கும் முழுசாகத் தீட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. அலகின் முதுகு ஓரம் கூர்மையாக இருக்கும். பரங்கிக்காய், சேனைக்கிழங்கு மாதிரி கெட்டியானவற்றை அழுத்தி வெட்டும்போது ஆள்காட்டி விரலில் உறுத்தும், ஒரு மணி நேரம் நறுக்கினால் விரல் சிவந்துவிடும். நயமான உப்புத்தாளை எடுத்து முதுகு ஓரத்தை மட்டும் கொஞ்சம் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். அடுத்தது எடை. இருநூறு கிராம்கூட வராது. கனமான கத்தியே கைக்கு ஒத்துவரும் என்பவர்களுக்கு முதலில் விளையாட்டுச் சாமான் மாதிரி தோன்றும். நாலு கிலோ வெங்காயம் நறுக்கிய பிறகு மணிக்கட்டு வலிக்காததைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

நம் வீடுகளில் பலரும் வைத்திருப்பது கல்யாணத்துக்கு வந்த செட் கத்தி. மரக்கட்டையில் ஆறோ எட்டோ செருகி, கூடவே ஒரு கத்தரிக்கோல். எங்களுக்கும் ஒன்று வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பெட்டியில் 'தீட்டவே தேவையில்லை' என்று போட்டிருந்தது. எல்லாமே ரம்பப் பல் வைத்த அலகு. தக்காளியையும் ரொட்டியையும் கிழித்துக் கிழித்து அறுக்கும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கச் சொன்னால் ஓரமெல்லாம் நசுங்கி ஒரே தண்ணீராகும், கண்ணும் எரியும். வெங்காயம் எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு கண்ணீர். பல் மழுங்கினால் வீட்டில் தீட்டவும் வழியில்லை. செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல கத்தியும் கல்லும் வாங்கலாம். அடுப்படியில் எட்டுக் கத்திக்கு வேலையே கிடையாது.

ஜப்பான் கத்தியைப் பற்றியும் கேட்கிறார்கள். தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். பக்கத்தில்தான் சக்காய், காலங்காலமாகக் கத்திக்குப் பேர்போன ஊர். அங்கே செய்த நகிரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நகிரி என்பது செவ்வகமாக, முனையே இல்லாமல், காய்க்கென்றே செய்த கத்தி. நடுவில் கார்பன் எஃகு, இரண்டு பக்கமும் மிருதுவான இரும்பு. உண்மையைச் சொல்கிறேன், முட்டைக்கோஸ் நறுக்குவதில் அதற்கு ஈடே இல்லை. இழை இழையாக விழும், சத்தமே வராது. வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை விரலில் சுற்றி எடுக்கிற வேலை அதில் சுகமாக இருக்கும். ஒவ்வொரு வட்டமும் பப்படக் கனத்தில் வரும்.

ஆனால் தினப்படி வேலைக்கு அதை எடுப்பதில்லை. தக்காளி வெட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினால் போதும், அதற்குள் அலகில் நிறம் மாறியிருக்கும். எலுமிச்சை, மாங்காய், புளி எதுவும் ஆகாது. பூசணிக்காய்த் தோல் மாதிரி கெட்டியானதில் சிக்கிக்கொண்ட கத்தியைப் பக்கவாட்டில் திருகி எடுத்தால் விளிம்பில் நகக்கீறல் அளவு சில்லு போகும். தம்பி வீட்டுக் கத்தியில் அப்படி இரண்டு சில்லு. வேலைக்கு ஆள் இருக்கிற வீட்டில், குழந்தைகளும் எடுக்கிற அடுப்படியில், அந்தக் கத்தியைக் காவல் காக்க வேண்டியிருக்கும். ஆசையாக ஒருவர் மட்டும் சமைக்கிற வீடு என்றால் தாராளமாக வாங்கலாம்.

நம்ம ஊர்க் கத்தியையும் விட முடியாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர்போன ஊர். மதுரைக்காரர்களுக்கு மானாமதுரை போகிற வழிதான். நம் பக்கத்துப் பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். ஸ்பிரிங் பட்டை என்பது நல்ல கார்பன் எஃகு, பதம் சரியாக வைத்தால் கூர் அருமையாக நிற்கும். விலையும் குறைவு. தேங்காய் உடைக்க, ஆட்டெலும்பு நறுக்க, பலாப்பழம் பிளக்க அதைத்தான் எடுக்க வேண்டும். ஃபைப்ராக்ஸின் முதுகால் தேங்காயைத் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய அலகு அதற்கு ஆனது இல்லை. மாங்காயை ஊறுகாய்க்குக் கொட்டையோடு வெட்டுவதும் அப்படித்தான், அதற்கு அரிவாள்மனை.

அரிவாள்மனை என்றதும் அத்தை ஞாபகம்தான். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் கீரை ஆய்ந்தால், அவரைக்காய் அரிந்தால் அரிவாள்மனைதான். நான் மேடையில் பலகை போட்டு நின்று நறுக்குவதைப் பார்த்து, "ஏம்மா, உக்காந்தா ஒரு நொடியில முடியிற வேலைக்கு எதுக்கு இப்படிக் கால் கடுக்க நிக்கிற?" என்பார்கள். "உங்களுக்கு முட்டி மடங்குது அத்தை, எனக்கு மடங்கலையே" என்பேன். வேகத்தில் அவர்களை ஜெயிக்க முடியாது. இரண்டு கையும் காயைப் பிடிக்கிறது, அலகு அசையாமல் நிற்கிறது, அது தனி வித்தை. ஆனால் பொடி வெங்காயம், கொத்தமல்லி, ஒரே அளவில் பீன்ஸ் என்று வரும்போது பலகையும் கத்தியும்தான் லாயக்கு. பொரியலில் துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் ஒன்றுபோல் வேகும்.

இனி கல். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும், தினமும் சமைக்கிற வீட்டில் இரண்டு மூன்று மாதத்தில் மழுங்கத்தான் செய்யும். அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது கத்தி அல்ல, நீங்கள் தீட்டுகிற தீட்டு. தெருவில் சாணைச் சக்கரம் கொண்டுவருகிறவரிடம் அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் கொடுக்கலாம். மெல்லிய கத்தியைக் கொடுக்காதீர்கள். வறட்டுச் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடிக்கும்போது விளிம்பு சூடேறும். அந்த இடத்தில் நீலம் பாய்ந்திருந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு கூர் நிற்காது. அதோடு ஒவ்வொரு தடவையும் இரும்பு நிறையத் தேய்ந்துபோகும். இழுத்து இழுத்துத் தீட்டுகிற சின்னக் கருவியும் அப்படித்தான். கூர் வந்த மாதிரி இருக்கும். விளிம்பைச் சுரண்டி எடுக்கிற வேலைதான் அது, நாலு நாளில் பழையபடி ஆகிவிடும்.

தண்ணீர்க் கல்லில் 1000 கிரிட் ஒரு பக்கம், 6000 மறுபக்கம் என்று சேர்ந்தே கிடைக்கும். காய் நறுக்க 1000 பக்கமே போதும். அதன் மெல்லிய சொரசொரப்பு தக்காளித் தோலைக் கவ்விப் பிடிக்கும். 6000-இல் பளபளவென்று ஏற்றினால் மீனுக்கும் கறிக்கும் நன்றாக இருக்கும், தக்காளியில் சில சமயம் வழுக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல் ரொம்பச் சொரசொரப்பு. ஒரேயடியாக மொக்கையான கத்தியைத் தேற்ற மட்டும் அது உதவும்.

கல்லைத் தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, ஈரத்துணியை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் வையுங்கள், நகராது. கோணம்தான் எல்லாருக்கும் பயம். ஃபைப்ராக்ஸுக்கு ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி. அளவுகோல் எதுவும் வேண்டாம். அலகு 5 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து 1.3 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். என் சுண்டுவிரல் நுனி அதன் அடியில் சரியாக நுழையும். 4 சென்டிமீட்டர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வெட்டும் விளிம்பை ஒட்டி அலகின் பக்கத்தில் இரண்டு விரல் வைத்து லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் தேயுங்கள். அடியில் தொடங்கி நுனிவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகணும். கல்லில் சாம்பல் நிறச் சேறு வரும். கழுவாதீர்கள், அதுதான் வேலை செய்கிறது.

எப்போது நிறுத்துவது? மறுபக்கத்து விளிம்பில் பிசிறு வர வேண்டும். கட்டைவிரலை அலகின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், விளிம்போடு நீளவாக்கில் ஓட்டக் கூடாது. நகம் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சொரசொரப்பு அடியிலிருந்து நுனிவரைக்கும் விடாமல் தெரிந்தால், அந்தப் பக்கம் முடிந்தது. ஓரிடத்தில் தெரிந்து ஓரிடத்தில் தெரியாவிட்டால், தெரியாத இடம் இன்னும் மழுங்கலாகத்தான் இருக்கிறது. திருப்பி அடுத்த பக்கம். பிறகு அழுத்தமே கொடுக்காமல், கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி, பக்கம் மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. பிசிறு உதிர்ந்துவிடும். அதை உதிர்க்காமல் விடுகிறவர்கள்தான் 'காலையில் கூராக இருந்தது, சாயந்தரம் போய்விட்டது' என்கிறார்கள்.

தீட்டியதைத் தக்காளியில் பாருங்கள். தக்காளியைக் கையால் பிடிக்காமல் பலகையில் வைத்து, கத்தியைத் தோலின்மேல் சும்மா வைத்து இழுக்க வேண்டும். அழுத்தம் கொடுக்காமலே உள்ளே இறங்கினால் சரி. இடையிடையே கூர் லேசாகக் குறைந்தால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் இரண்டு பக்கமும் மெதுவாக நாலு இழுப்பு இழுத்தால் ஒரு வாரம் தாங்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிரானைட் மேடையில் மட்டும் நேரடியாக வெட்டாதீர்கள். கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு எதிலும் வேண்டாம். அதில் பட்ட அந்த நொடியே விளிம்பு மடங்கிவிடும், காலையெல்லாம் தீட்டியது வீண். மரப்பலகை நல்லது, பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. நறுக்கிய காயைப் பலகையிலிருந்து தள்ளும்போது கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள். கழுவியதும் துடைத்துவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுதான் என்றாலும், எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். புளியும் உப்புமாக ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்தால் இதிலும் புள்ளி விழும். கம்பி நார் வேண்டாம், பாத்திரக் கூடையில் கரண்டிகளோடு எறியவும் வேண்டாம். பழைய காலண்டர் அட்டையை மடித்து ஓரத்தில் டேப் ஒட்டினால் நல்ல உறை.

நகிரி, அரிவாள், அரிவாள்மனை மாதிரி கார்பன் எஃகுக்குத் துடைத்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் இல்லையா, மறுநாள் எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சந்தன ஈரம் இருந்த இடத்தில் துரு வட்டமாகப் பிடித்துவிடும். வாழைக்காய், வாழைப்பூ நறுக்கி அலகு கறுத்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கருநீல நிறம் துரு இல்லை, ஏறினால் துரு வருவதே குறையும். செம்மண் நிறத்தில் பொடியாக வந்தால்தான் துரு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே 20 சென்டிமீட்டர் நீளத்தில் அகலமான அலகும் உண்டு, குறுகலானதும் உண்டு. காய் நறுக்க அகலமானதுதான் வேண்டும். விரல் முட்டி பலகையில் இடிக்காது, நறுக்கியதை அள்ளிப் போடவும் வசதி. குறுகலானது கறி அரிய நல்லது. கை சின்னது என்றால் 15 சென்டிமீட்டர் எடுங்கள், ஆனால் முட்டைக்கோஸ் பாதிக்கு அது எட்டாது. இதே கம்பெனியின் சில நூறு ரூபாய்ச் சின்னக் கத்தி ஒன்றும் கூட வாங்கிக்கொண்டால் பூண்டு உரிக்க, பச்சைமிளகாய் காம்பு கிள்ள, கத்தரிக்காய் கீறச் சரியாக இருக்கும்.

இன்னொன்று, இரண்டு மூன்று வருஷம் தீட்டிய பிறகு தெரிய வருவது. கல்லில் தேயத் தேய விளிம்பு மேலே ஏறி, அலகின் தடித்த பகுதிக்கு வந்துவிடும். கூர் இருக்கும், தக்காளி சோதனையிலும் தேறும், ஆனால் கேரட் பழையபடி 'படக்'கென்று பிளக்கத் தொடங்கும். அப்போது முதுகைக் கல்லுக்கு ரொம்பக் கிட்டே இறக்கி, நாலைந்து மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து, விளிம்புக்கு மேலே இருக்கும் தோள் பகுதியைத் தேய்த்து மெல்லிசாக்க வேண்டும். அரைமணி நேர வேலை, அலகில் கீறல் விழும், பார்க்க நன்றாக இருக்காது. முடித்துவிட்டு வழக்கமான கோணத்தில் தீட்டிக்கொண்டால் புதிதாக வாங்கியபோது எப்படி இறங்கியதோ அப்படியே இறங்கும். என்னுடையதை இதுவரை இரண்டு தடவை அப்படி இறக்கியிருக்கிறேன், அகலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இன்று காலையும் நாலு கிலோ சின்ன வெங்காயம் அதில்தான்.